மூவ் கேன்பஸ்: முகத்துக்காக வாங்குவதா, கதவுக்காக வாங்குவதா?

26 அக்டோபர் 2024, கேள்வி

ஜப்பானில் ஐச்சி மாகாணத்தில் வேலை. வீட்டுக்காரிக்கு டைஹட்சு மூவ் கேன்பஸின் அந்த இரட்டை நிற முகம் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. எனக்கோ அது பழைய வேன் வேஷம் கட்டிய சின்னக் காராகத்தான் தெரிகிறது. பின்கதவு ஸ்லைடிங் என்பதில் அப்படி என்ன லாபம்? பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடம் இருந்தால் பெரியவர்கள் இறங்கலாம்? 52 குதிரைத்திறன் போதுமா? ஜனவரியில் அம்மா வருகிறார்கள். பழைய வண்டிதான் பார்க்கிறேன். ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

26 அக்டோபர் 2024, இரவு, பதில்

கதவுக்காக வாங்குங்கள் தம்பி. முகம் வெறும் மேக்கப். அழகு சோறு போடுமா?

என்னிடம் இருப்பது 2018 மாடல், முதல் தலைமுறை. 2021இல் கைமாறிய வண்டியாக வாங்கினேன். வெள்ளையும் வெளிர்பச்சையும். நாங்கள் இருப்பது சுகுபாவில். டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து 45 நிமிடத்தில் ரயில் வந்துவிடும். ஆனால் ஸ்டேஷனில் இறங்கிய பிறகு வண்டி இல்லாவிட்டால் இங்கே கை ஒடிந்த மாதிரி. பள்ளிக்கூடம் ஒரு திசை, கடை ஒரு திசை, ஆஸ்பத்திரி இன்னொரு திசை. தினமும் குறைந்தது ஆறு முறை அந்தக் கதவு திறந்து மூடும்.

52 குதிரைத்திறன் போதும். ஊருக்குள் ஓட்ட எந்தக் குறையும் இல்லை.

இடைவெளியை அளந்து சொல்கிறேன். டேப் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

27 அக்டோபர் 2024

நேற்று அவசரத்தில் எழுதினேன். கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

இது கேய் வகை வண்டி. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி. இந்த நான்கு கோடுகளையும் தாண்டக்கூடாது என்பது ஜப்பான் அரசின் கணக்கு. இப்போதிருக்கும் அளவு 1998 அக்டோபரில் வந்தது. கோட்டுக்குள் நின்றால் ஆண்டு வரி 10,800 யென். ஒரு லிட்டர் இன்ஜின் உள்ள சாதாரணக் காருக்கே அது 25,000. அதனால்தான் இந்த நாட்டில் விற்கும் புது வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கேய். கேன்பஸின் நீளம் 3,395 மில்லிமீட்டர், அகலம் 1,475. கோட்டுக்கு ஐந்து ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம். ஒரு தகடு கூட வீணாக்கவில்லை.

அகலத்தை வளர்க்க முடியாத வண்டியில் நீளமான கதவை வெளியே விரித்துத் திறப்பதற்கும் ஸ்லைடிங்காக ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம், குழந்தையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தெரியும். காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்னும் நன்றாகத் தெரியும். பின்சீட்டுக் குழந்தை கதவைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வண்டியில் கோடு போடுமோ என்ற பயம் எனக்குக் கிடையாது. மூன்று வருஷத்தில் ஒருமுறை கூட "கதவு கதவு!" என்று கத்தியதில்லை. என் தோழி வீட்டில் விரிகதவு வண்டி. அவள் கத்தாத நாளில்லை.

ஸ்லைடிங் டோர் வைத்த மற்ற கேய்கள் எல்லாம் ஆளுயரம். ஹோண்டாவின் என்-பாக்ஸ் 1,790 மில்லிமீட்டர். டைஹட்சுவின் டாண்டோ 1,755. கேன்பஸ் 1,655. டைஹட்சுதான் கேய் காரில் முதன்முதலாக இந்தத் தாழ்ந்த உயரத்தில் ஸ்லைடிங் டோர் வைத்தது.

29 அக்டோபர் 2024

மேலே கடைசி வரி தப்பு. தாழ்ந்த உயரத்தில் ஸ்லைடிங் டோர் வைத்த முதல் கேய் டைஹட்சுவுடையது இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி.

மிட்சுபிஷியின் இரண்டாம் தலைமுறை இகே வேகன் 2006இல் வந்தது. உயரம் வெறும் 1,550. இடது பின்கதவு மட்டும் மின்சார ஸ்லைடிங். 1,550 என்பது கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் இல்லை. ஜப்பான் நகரங்களில் கோபுரம் மாதிரி அடுக்கி வைக்கும் இயந்திர பார்க்கிங் பலவற்றின் உயர எல்லை அதுதான். கேன்பஸ் அதற்குள் போகாது. டோக்கியோ பக்கம் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அதற்கும் முன்னால் 1988இல் சுசூகி ஆல்டோவில் ஸ்லைட் ஸ்லிம் என்று ஒரு ரகம் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு, டிரைவர் சீட் கதவுப் பக்கம் திரும்பும். கவுன் போட்ட பெண்கள் காலைச் சேர்த்து வைத்தபடியே திரும்பி இறங்கலாம். படத்தைப் பார்த்ததிலிருந்து அந்த வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. 36 வருஷம் முன்பே யாரோ ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து, இறங்குகிற மனுஷியின் முழங்காலைப் பற்றி யோசித்திருக்கிறார்.

வரிசையாகச் சொன்னால் 2007 கடைசியில் இரண்டாம் தலைமுறை டாண்டோ இடது பக்கம் ஸ்லைடிங்கோடு வந்தது. 2008 ஜனவரியில் சுசூகி பாலெட் இரண்டு பக்கமும் வைத்தது. டாண்டோவுக்கு இரண்டு பக்கமும் வர 2013 ஆனது. கேன்பஸ் 2016 செப்டம்பர். முதல் வண்டி என்ற பெருமை அதற்கு இல்லை. உயரத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் ஸ்லைடிங் வைத்து, முகத்தையும் இப்படி அமைத்தது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் சரியாக இருக்கும்.

31 அக்டோபர் 2024

நான் "முகம் வெறும் மேக்கப்" என்று எழுதியதைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "நம்ம வண்டி பேரே மேக்கப்தானே?"

உண்மைதான். வண்டியின் ரகப் பெயர் ஜி மேக்கப். காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எல், எக்ஸ், ஜி என்று ரகங்கள், அதில் கொஞ்சம் அலங்காரம் சேர்த்தால் மேக்கப்.

5 நவம்பர் 2024

52 குதிரைத்திறன் போதும் என்றதைத் திருத்துகிறேன்.

நேற்று விடுமுறை. நிக்கோ மலைப்பக்கம் போனோம். நான், கணவர், மகள், மகளின் தோழி. இலையுதிர் காலம் என்பதால் கூட்டம் சொல்லி மாளாது. இரோஹாசகா ஏற்றம் தெரியும்தானே? ஏற, இறங்க இரண்டு தனிச் சாலைகள். மொத்தம் 48 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் பழைய ஜப்பானிய அகரவரிசையின் ஓர் எழுத்து. ஏறும் சாலையில் 20, இறங்குவதில் 28. மேலே சூசென்ஜி ஏரி கிட்டத்தட்ட 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஏறிவிட்டோம். ஆனால் நான்கு பேர், மூன்று பை, ஒரு புளியோதரைத் தூக்கு. 658 சிசி, டர்போ இல்லை. சிவிடி பெல்ட் கியர் என்பதால் மிதித்தால் முதலில் சத்தம் வருகிறது, பிறகுதான் வண்டி வருகிறது. ஏசியை அணைத்துவிட்டு ஏறினேன். பின்னால் வந்தவர்கள் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அது ஜப்பான்.

முதல் தலைமுறைக்கு டர்போவே கிடையாது. 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறையில் உண்டு, 64 குதிரைத்திறன். அதற்கு மேல் எந்தக் கேயும் போவதில்லை. 1987இலிருந்து கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. புதுச் சட்டகத்தில் 50 கிலோவும் குறைத்திருக்கிறார்கள். ஸ்லைடிங் டோர் என்றால் மோட்டார், கம்பி, கதவு ஓடும் சேனல் என்று எடை ஏறத்தான் செய்யும். 50 கிலோ என்பது வண்டியில் ஓர் ஆள் குறைந்த மாதிரி.

எனவே தம்பி, ஊருக்குள் என்றால் எதுவும் சரி. மலை, நெடுஞ்சாலை, நான்கு பேர் என்றால் இரண்டாம் தலைமுறை டர்போ தேடுங்கள். ஜோபான் நெடுஞ்சாலையில் தோனே ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பக்கக் காற்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கிற எல்லா வண்டிக்கும் இது உண்டு. இரண்டு கையாலும் பிடியுங்கள்.

6 நவம்பர் 2024

டேப் கிடைத்தது. அளக்கவில்லை. மழை.

10 நவம்பர் 2024

மழை பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதவின் பெரிய குறை மழையில்தான். பொத்தானை அழுத்தினால் அதுவாகத் திறக்கும், ஆனால் தன் வேகத்தில்தான் திறக்கும். முழுக்கத் திறக்க நான்கைந்து விநாடி, மூட அதைவிடச் சற்று அதிகம். சாதாரண நாளில் அது ஒன்றுமே இல்லை. கொட்டுகிற மழையில், கையில் பை, பக்கத்தில் குழந்தை என்று நிற்கும்போது அது நீண்ட நேரம். தவிர, விரிகதவின் அடியில் நின்றால் தலைக்குக் கொஞ்சம் மறைப்பாவது கிடைக்கும், இதில் அதுவும் இல்லை. பொறுமை இழந்து கையால் இழுக்காதீர்கள். மோட்டார் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் இழுத்தால் கம்பிக்கு நல்லதில்லை என்று வண்டி விற்றவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். கீயில் இருக்கும் பொத்தானை நடந்து வரும்போதே அழுத்திவிடுங்கள். வந்து சேரும்போது திறந்திருக்கும். எனக்கு இது பழக்கமாக ஒரு மழைக்காலம் ஆனது.

17 நவம்பர் 2024

கதவு பாதியில் நின்று திரும்பிப் போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் அதே இடத்தில் நின்று திரும்பியது. எதிலாவது இடித்தால் திரும்பிப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தையின் கை நசுங்கக் கூடாது என்பதற்காக. ஆனால் அங்கே கையும் இல்லை, பையும் இல்லை.

குனிந்து பார்த்தால் கீழ்ப்படியை ஒட்டிய சேனலில் இரண்டு டொங்குரி. ஓக் மரத்துக் காய். தொப்பி போட்ட பாக்கு மாதிரி இருக்கும். இந்த மாதம் ஜப்பானில் எந்தக் குழந்தையின் சட்டைப்பையைத் தடவினாலும் பத்து கிடைக்கும். குச்சியால் தள்ளி எடுத்தேன். கதவு ஒழுங்காக மூடியது. "அதுங்க வீட்டுக்கு வரணும்னு ஏறியிருக்கும்மா" என்றாள் மகள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து சேனலைப் பாருங்கள். மணல் அரைத்த கோடு இருக்கிறதா, கிரீஸ் கறுத்துக் காய்ந்திருக்கிறதா என்று. பின்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் இன்னொரு சேனல் ஓடும். அதையும் பாருங்கள். இரண்டு கதவையும் ஐந்து ஐந்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். வலது கதவும் இடது கதவும் ஒரே ராகத்தில் ஓட வேண்டும். இடது கதவு நடைபாதைப் பக்கம் என்பதால் அதுதான் அதிகம் உழைத்திருக்கும்.

பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

22 நவம்பர் 2024

"போலிப் பழமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஹோண்டா என்-ஒன் தன் சொந்தத் தாத்தாவான 1967ஆம் ஆண்டின் என்360ஐப் பார்த்து வரைந்தது, அதற்கு உரிமை உண்டு. கேன்பஸ் யாரைப் பார்த்து வரைந்தது? டைஹட்சு வீட்டில் இப்படி ஒரு முகமே இருந்ததில்லையே என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வி. டைஹட்சுவின் சொந்தப் பழமை வேறு. 1907இல் ஒசாகாவில் இன்ஜின் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. ஒசாகா என்பதன் முதல் எழுத்தும் இன்ஜினுக்கான ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்தும் சேர்ந்ததுதான் பெயரே. 1957இல் மிட்ஜெட் என்று ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அது தாய்லாந்து போய் டுக்-டுக் ஆனது. அயுத்தயாவில் இன்னும் அந்த முகத்தோடு ஓடுகிறது. சொந்தப் பழமைதான் வேண்டுமென்றால் அதைத்தான் வரைந்திருக்க வேண்டும்.

கேன்பஸின் வட்ட விளக்கும், இடுப்பில் வளைந்து ஓடும் இரட்டை நிறமும் ஜெர்மன் வோக்ஸ்வாகன் பஸ்ஸை நினைவூட்டுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1950இல் தொடங்கி பிரேசிலில் 2013 வரை செய்த வண்டி. அந்த முகத்தின் மேல் ஜப்பானியர்களுக்குத் தனி ஆசை. சுபாரு சம்பார் என்ற கேய் வேனின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு வோக்ஸ்வாகன் மூக்கை மாட்டிக்கொள்வது இங்கே பல வருஷப் பழக்கம். சாலையோர காபி வண்டிகளில் பாதி அப்படித்தான் இருக்கும்.

பழைய முகம் போட்ட புதுக் கார் என்ற வழியைத் திறந்தது நிசான். 1987இல் பி-ஒன் என்று 10,000 வண்டி மட்டும் செய்தார்கள். 1989இல் பாவோ, 1991இல் ஃபிகாரோ. உள்ளே எல்லாம் நிசானின் மார்ச் என்ற சாதாரணக் கார்தான். ஃபிகாரோவுக்குக் குலுக்கல் வைத்து விற்றார்கள், 20,000 வண்டி. அவற்றில் எதற்கும் நேரடித் தாத்தா கிடையாது. இருந்திருக்கலாம் என்று தோன்றவைக்கிற ஒரு பழைய காலத்தை வரைந்தார்கள். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயில் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகத்தின்போது புதுவண்ணம் அடிக்கிறோம். பழைய சிற்பி கலந்த வண்ணமா அது?

23 நவம்பர் 2024

கோபுர உதாரணம் சரியில்லை. கோபுரம் நிஜமாகவே பழசு. காலையில் தேநீர் குடிக்கும்போது உறைத்தது. வாதத்தின் மிச்சத்தில் மாற்றமில்லை.

1 டிசம்பர் 2024

என் அம்மா 2023 ஏப்ரலில் வந்து மூன்று மாதம் இருந்தார். ஊர் கும்பகோணம் பக்கம். இரண்டு முழங்காலும் அறுவைச் சிகிச்சை செய்தது. நரிதா விமான நிலையத்தில் வண்டியைப் பார்த்ததும் முதல் கேள்வி: "ஏண்டி, டாக்ஸி பிடிச்சிருக்கியா?"

கேய் காருக்கு இங்கே மஞ்சள் நம்பர் பிளேட், கறுப்பு எழுத்து. நம் ஊரில் அது வாடகை வண்டி. என் சொந்த வண்டிதான் என்று சொல்லிப் புரியவைக்க சுகுபா வரை ஆனது. அதற்குள் கதவு தானாகத் திறந்ததைப் பார்த்து "ஆம்னியில பட்டன் வெச்சுட்டாங்களா?" என்றார். மூன்று மாதமும் அவருக்கு அது ஆம்னிதான். "ஆம்னியை எடு, கோயிலுக்குப் போகலாம்."

யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் வம்சம் இருக்கிறது. மாருதி 1984இல் கொண்டுவந்த வேன்தான் பிறகு ஆம்னி ஆனது. அது சுசூகியின் கேரி என்ற கேய் வேன்தான். இன்ஜின் 796 சிசி. 2019 வரை வந்தது. நம் ஊரில் ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றுகிற வண்டி எல்லாம் அதுதான். சினிமாவில் ஆள் கடத்தவும் அதுதான். நாலாம் வகுப்பில் பதினாலு பேரோடு அதில் போயிருக்கிறேன். கதவை இழுத்து மூடுவது கடைசியாக ஏறுகிறவர் வேலை. "டடார்" என்று கேட்டால்தான் டிரைவர் அண்ணன் கிளம்புவார். ஸ்லைடிங் டோர் என்றாலே எனக்கு அந்தச் சத்தம்தான். கேன்பஸ் கதவு கடைசி ஒரு விரல் தூரத்தைத் தானே மெதுவாக இழுத்துக்கொண்டு "டக்" என்று அடங்கும்.

அம்மா அதை ரசித்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கியதும் நின்று, கதவு முழுக்க மூடும்வரை பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

2 டிசம்பர் 2024

முகம் மேக்கப் என்று முதல் நாள் எழுதியதற்குத் திரும்ப வருகிறேன். நேற்று எழுதும்போது ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு ஜப்பானிய எழுத்து படிக்க வராது. நம்பர் பிளேட் புரியாது. பெரிய கடைகளின் பார்க்கிங்கில் ஐந்நூறு வண்டி நிற்கும், முக்கால்வாசி வெள்ளை, சாம்பல், கறுப்பு. நான் பணம் கட்டிக்கொண்டு நிற்கும்போது அம்மா தனியாக நடந்து போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். ஒருமுறை கூடத் தவறவில்லை. "பச்சைக்கரை போட்ட வெள்ளைப் புடவை மாதிரி தூரத்துலயே தெரியுதே." மொழி தெரியாத ஊரில் அவர் தானாகக் கண்டுபிடிக்க முடிந்த ஒரே பொருள் அந்த வண்டி.

டைஹட்சு இந்த வண்டியை வரையும்போது பெற்றோரோடு ஒரே வீட்டில் வசிக்கும் இளம்பெண்களை மனதில் வைத்ததாகப் படித்திருக்கிறேன். மகள் வேலைக்கு ஓட்டுவாள், வாரக் கடைசியில் அதே வண்டியில் அம்மா ஏறுவாள். இருவருக்கும் பிடித்த முகம், இருவருக்கும் எளிதான கதவு. அப்படிப் பார்த்தால் தம்பி கேட்ட கேள்வியே, அதாவது முகமா கதவா என்பதே, வண்டியை வரைந்தவர்களுக்கு இருந்திருக்காது. நான் முதல் நாள் அதை இரண்டாக வெட்டியது அவசரம்.

உங்கள் வீட்டுக்காரி சொல்வதைக் கேளுங்கள்.

8 டிசம்பர் 2024

பின்சீட்டுப் பெட்டி பற்றிக் கேட்டவருக்கு: ஒகிராகு பாக்ஸ் என்பார்கள், சாவகாசமாக வைக்கிற பெட்டி என்று பொருள் கொள்ளலாம். பின்சீட்டுக்கு அடியில் மேசை இழுப்பறை மாதிரி இருக்கும். வெளியே இழுத்து, நடுத்தட்டைத் தூக்கி நிறுத்தினால் கூடை ஆகிவிடும். விளம்பரத்தில் அதில் கேக் பெட்டி வைத்துக் காட்டுவார்கள். நான் வைப்பது இட்லி மாவுப் பாத்திரம். தோழிக்கும் சேர்த்து அரைத்துக் கொண்டுபோவேன். சீட்டின்மேல் வைத்த காலத்தில் இரண்டு முறை பிரேக்கில் கவிழ்ந்து, புளித்த வாசனை ஒரு மாதம் போகவில்லை. கூடையில் வைத்த பிறகு ஒரு துளி சிந்தியதில்லை. மழைநாளில் குடையும் நனைந்த ஷூவும் அதற்குள் போகும்.

இரண்டாம் தலைமுறையில் காபியைச் சூடாக வைக்கும் கப் ஹோல்டர் வேறு இருக்கிறது. ஜனவரி காலையில் சுகுபா மலைக்காற்று அடிக்கும்போது அது பெரிய வசதி. எனக்கில்லை.

21 டிசம்பர் 2024

டைஹட்சுவின் சோதனை முறைகேடு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போன வருஷம் டிசம்பர் 20 அன்று சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்தது. வண்டிகளுக்கு அனுமதி வாங்கும் சோதனைகளில் 174 முறைகேடுகள், 64 மாடல்கள். டைஹட்சு எல்லா வண்டிகளின் அனுப்புதலையும் நிறுத்தியது. அரசு மறுபடி சோதித்து, 2024இல் ஒவ்வொரு மாடலாக அனுமதித்தது. இது நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பிடித்த வண்டி என்பதற்காக நான் பூசி மெழுக மாட்டேன். ஒரு சின்ன வண்டியில் குழந்தையை ஏற்றுகிறவர்கள் அந்தச் சோதனைத் தாள்களை நம்பித்தான் ஏற்றுகிறோம். படித்த அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பழைய வண்டி வாங்குமுன் அந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது வந்திருக்கிறதா, வந்திருந்தால் சரிசெய்திருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

9 பிப்ரவரி 2025

கேன்பஸை இலங்கைக்கு இறக்குமதி செய்து வாங்கலாமா என்று யாழ்ப்பாணத்திலிருந்து கேட்ட அண்ணாவுக்கு. 2020 மார்ச்சிலிருந்து இருந்த இறக்குமதித் தடை இந்த மாதம் முதல் தேதி தனியார் வாகனங்களுக்கும் விலகியிருக்கிறது, அதனால் ஆசை வருவது இயல்பு. சுசூகியின் வேகன் ஆர், ஸ்பேசியா எல்லாம் அங்கே ஏற்கெனவே ஓடுவதால் அவற்றின் பாகங்களும் கை தேர்ந்த மெக்கானிக்குகளும் இருப்பார்கள். கேன்பஸ் வாங்கினால் இன்ஜினுக்குப் பயமில்லை, பல டைஹட்சு கேய்களில் இருக்கும் அதே கேஎஃப் இன்ஜின்தான். கதவு மோட்டாரும் கம்பியும்தான் யோசிக்க வேண்டிய இடம். சுசூகிதான் வேண்டும், இந்த மாதிரி முகமும் வேண்டும் என்றால் 2021இல் வந்த வேகன் ஆர் ஸ்மைல் பாருங்கள். அதுவும் வட்ட விளக்கு, இரண்டு பக்கமும் ஸ்லைடிங், உயரம் 1,695. செம்மண் தூசியில் சேனலைத் துடைப்பதை மட்டும் விடாதீர்கள்.

8 ஜூன் 2025

வியாழக்கிழமை புது மூவ் வந்துவிட்டது, ஏழாம் தலைமுறை. பெயர் கேன்பஸ் இல்லை, வெறும் மூவ். 1995இலிருந்து விரிகதவாகவே இருந்த வண்டிக்கு முதன்முறையாகப் பின்னால் ஸ்லைடிங் டோர். முகத்தில் பழமை எதுவும் இல்லை, கோபக்காரப் புருவம். கதவு மட்டும் போதும், முகம் வேண்டாம் என்பவர்களுக்கு இனி ஒரு வழி இருக்கிறது. ஒன்பது வருஷம் முன்பு கேன்பஸ் செய்து காட்டாவிட்டால் இது வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

எனக்கு கேன்பஸே இருக்கட்டும். அம்மா 20ஆம் தேதி மறுபடி வருகிறார்.

22 ஜூன் 2025

அளந்துவிட்டேன். எட்டு மாதம் தாமதம்.

எங்கள் கடை பார்க்கிங்கில் ஒரு கட்டம் 2.3 மீட்டர் அகலம். நம் வண்டி 1.475. நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு 41 சென்டிமீட்டர். பக்கத்தில் டொயோட்டாவின் பெரிய வேன் ஓர் அல்ஃபார்ட் நின்றது, அகலம் 1.85 மீட்டர், அதன் பக்கம் 22. ஆக இரண்டு வண்டிக்கும் நடுவே 63 சென்டிமீட்டர். ஸ்லைடிங் கதவு திறக்கும்போது வெளியே தள்ளுவது ஒரு சாண் கூட இல்லை. தள்ளிய பிறகு பின்னால் ஓடிவிடும்.

அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்து, இரண்டு காலையும் வெளியே திருப்பி வைத்து, நேராக எழுந்து நின்றார். புடவை எதிலும் படவில்லை. முன்கதவில் என்னால் அந்த இடத்தில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நெளிந்துதான் வர முடிந்தது.

பிறகு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் நகர்த்தி மறுபடி அளந்தேன். 50 வரை அம்மா சிரமமில்லாமல் இறங்கினார். 45இல் "போதும்டி, வெயில் ஏறுது" என்றுவிட்டார். உங்கள் அம்மாவுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.